யஃஜூஜின் முகமும் டோங் லீயின் முகமும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடம் ஒரகடம். ஏரிப்பாசன வயல்கள் நிறைந்திருந்த அவ்வட்டாரத்தில் இன்று காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைபேசியும் உருவாகின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் ஹூண்டாய் கார் வெளிவந்த நாள் தொட்டு, கொரியரும் ஜப்பானியரும் தைவான் நாட்டினரும் அங்கே வந்து போகின்றனர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒப்பந்தத் தொழிலாளராக வந்து தங்கியுள்ளனர். அவர்களில் முஸ்லிம்களும் கணிசமாக உண்டு. அவர்களுக்காகத் தகரக்கூரை வேய்ந்த தொழுகைக்கூடம் ஒன்று ஒரகடத்திற்கு அருகே இயங்கி வருகிறது. சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, குத்பாவுக்கு முன் பயான் செய்யும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது.

இறுதிநாளின் அடையாளங்கள் என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டோம். யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தாரைப் பற்றிச் சொல்லும்போது, பல்லாண்டுப் பழக்கத்தின் வேகத்தில், அகன்ற முகம், சிறிய கண், தட்டையான மூக்கு என்று வர்ணித்துச் சென்றோம். தொழுகை முடிந்ததும் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். மணிப்பூரைச் சேர்ந்தவர். தமிழ் அரைகுறையாகவே தெரியும். அருகிலிருந்த பீகார் நண்பர் பயானை அவருக்கு மெல்ல மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார். அவர் உருதுவில் கேட்டார்: “ஹஜ்ரத், நீங்கள் சொன்ன முகம் என் முகத்தைப் போலவா இருக்கும்?”

நமக்கு உடனே விடை வரவில்லை. அவர் கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். தாம் தங்கியிருக்கும் விடுதியில் தம்மை எல்லோரும் ‘டோங் லீ’ என்றே கூப்பிடுகிறார்கள் என்றும் சொன்னார். அந்தப் பெயரை நாம் அறிந்திருக்கவில்லை. கல்லூரிக்குத் திரும்பி மாணவர்களிடம் விசாரித்தபோதுதான் தெரிந்தது: அது ஒரு திரைப்படத்தில் வரும் சீன வில்லனின் பெயர். வாரத்தில் ஆறு நாள் டோங் லீ, ஏழாம் நாள் யஃஜூஜ்! எதிர்காலப் போரைக் கற்பனை செய்பவர் எதிரிக்கு ஏன் ஒரு முகத்தையும் வரைந்து விடுகிறார் என்ற வினாவோடு சில மாதங்கள் நூல்களைப் புரட்டினோம். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் அந்தத் திரைப்படம். ஏ.ஆர். முருகதாஸ் இயக்கத்தில் 2011 தீபாவளிக்கு வெளியான ‘7ஆம் அறிவு’ அது. தமிழில் அறிவியல் புனைவு என்று பெயர் பெற்ற மிகச் சில படங்களுள் ஒன்று. கதை இதுதான்: காஞ்சிப் பல்லவ இளவரசர் போதிதர்மர் ஆறாம் நூற்றாண்டில் சீனம் செல்கிறார், அங்குள்ள மக்களைக் கொள்ளைநோயிலிருந்து காக்கிறார், போர்க்கலையும் கற்பிக்கிறார். இக்காலத்தில் சீன அரசு ‘ஆபரேஷன் ரெட்’ என்ற பெயரில் இந்தியாமீது கிருமிப் போர் தொடுக்கிறது. கிருமியைப் பரப்ப வருபவன் டோங் லீ. பார்வையாலேயே பிறரை வசியப்படுத்தி ஆட்டுவிப்பவன். அவனை வெல்ல, போதிதர்மரின் வழித்தோன்றலான சர்க்கஸ் கலைஞர் ஒருவரின் மரபணுவில் உறங்கிக் கிடக்கும் மூதாதையின் ஆற்றலை, மரபணுவியல் மாணவி ஒருத்தி தட்டி எழுப்புகிறாள்.

நம் முன்னோரின் மருத்துவ அறிவைப் பேணாமல் விட்டோமே என்று அப்படம் கொள்ளும் ஆதங்கம் குறைகூறத் தக்கதன்று. யூனானியும் சித்தமும் நலிந்து போவதைக் கண்ட எவரும் அதில் பங்குகொள்வர். ஆனால் அந்த ஆதங்கம் கதையாக விரியும்போது, ஆபத்து ஓர் இனத்தின் உருவில் வருகிறது. மீட்சி இன்னோர் இனத்தின் குருதிக்குள்ளிருந்து வருகிறது. கற்றுப் பெறும் அறிவுக்கு அங்கே இரண்டாம் இடம்தான். இந்தியில் மொழிமாற்றம் பெற்றபோது அப்படத்திற்கு இடப்பட்ட தலைப்பு ‘சென்னை வெர்ஸஸ் சைனா’. டோங் லீயாக நடித்தவரோ வியட்நாமில் பிறந்த அமெரிக்கரான ஜானி டிரை இங்குயென். கண் சிறியதாயிருந்தால் போதும். எந்த நாட்டவரும் சீனராகலாம் என்பது படப்பிடிப்புத் தளத்தின் விதி போலும். ஒரகடத்துத் தேநீர்க் கடைகளிலும் அதே விதிதான் செல்லுபடியாகிறது. கொரியர், ஜப்பானியர், தைவானியர், மணிப்பூரி என எல்லோரும் அங்கே ‘சீனாக்காரர்’தான். சீனாவுக்கும் தைவானுக்கும் இடையே போர் மூளுமோ என்று உலகம் கவலைப்படுவதும், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கைபேசி கோக்கும் பெருநிறுவனம் ஒன்று தைவானுடையது என்பதும் அக்கடைகளில் பெரிதாகப் பேசப்படுவதில்லை.

மரபணுவைப் பற்றிய கணக்கைச் சற்றே பார்ப்போம். ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால் மூதாதையருக்குரிய இடங்கள் 1024. ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு என்று கொண்டால் போதிதர்மரின் காலம் ஏறத்தாழ 60 தலைமுறைக்கு அப்பால். அங்கே இடங்களின் எண்ணிக்கை பதினோராயிரம் கோடி கோடியைத் தாண்டும். அக்காலத்தில் உலகில் வாழ்ந்தோரோ சில பத்துக் கோடிப் பேர். ஆகவே ஒரே மனிதர் பல்லாயிரம் இடங்களில் திரும்பத் திரும்ப நம் மூதாதையாக நிற்கிறார். அவரே அடுத்த தெருவினருக்கும் அடுத்த நாட்டினருக்கும் மூதாதையாகிறார். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி கழிந்து பாதியே கைமாறுவதால், அத்தனை தொலைவிலுள்ள ஒருவரின் மரபணுத் துணுக்கு ஏதும் நம்மிடம் எஞ்சாமலே போயிருக்கவும் கூடும். தவிர, ஒருவர் பயின்ற மருத்துவமும் சிலம்பமும் மரபணுவில் எழுதப்படுவதில்லை. ஓர் ஆலிமின் மகன் அலிஃபிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது என்பதை மதரசாவில் முப்பதாண்டு காலம் பாடம் நடத்தியவர்க்கு எந்த ஆய்வுக்கூடமும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

வரலாற்றிலும் படம் வழுக்குகிறது. போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல், லோயாங் நகரின் பௌத்த மடங்களைப் பற்றி யாங் சுவான்ஜி என்பார் 547 அளவில் எழுதியது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்ற செய்தி வேறொரு பழங்குறிப்பில் வருகிறது. பல்லவர் என்பதும் காஞ்சி என்பதும் பின்னர்ச் சேர்ந்தவை. போர்க்கலையை அவருடன் இணைக்கும் நூல் பதினேழாம் நூற்றாண்டில்தான் தோன்றுகிறது.

காஞ்சிக்கும் சீனத்திற்கும் உண்மையிலேயே நிலவிய உறவு இதைவிடச் சுவையானது. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் 640ஆம் ஆண்டளவில் காஞ்சிக்கு வந்து அந்நகரைப் பற்றி எழுதிச் சென்றார். 720இல் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் தாங் பேரரசருக்குத் தூதனுப்பி ஒரு விண்ணப்பம் செய்தான்: தன் யானைப்படையையும் குதிரைப்படையையும் கொண்டு இரு கூட்டத்தாரைத் தண்டிக்க அனுமதி வேண்டும் என்று. பேரரசர் மகிழ்ந்து அப்படைக்கு ஒரு சிறப்புப் பெயரும் சூட்டினார் என்று சீனக் குறிப்புகள் கூறுகின்றன. அந்த இரு கூட்டத்தாருள் ஒருவர் திபெத்தியர். மற்றவர் ‘தாஷி’ என்று சீனர் அழைத்த அரபியர்! முஹம்மது இப்னு காசிம் சிந்துவை வென்று பத்தாண்டுகூட ஆகாத காலம் அது. அன்று காஞ்சியின் கற்பனைப் போரில் சீனர் தோழர், நாம் எதிரி. அந்தப் போர் நடந்ததாகத் தெரியவில்லை. இயக்குநர் இந்தச் செய்தியைப் படிக்காமல் போனது நம் நற்பேறே என்று நம் மாணவர் ஒருவர் சொன்னதை இங்குக் குறித்து வைக்கிறோம்.

தமிழ்த் திரையுலகம் இவ்வார்ப்பைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. மேலை நாட்டில் ‘எதிர்காலப் போர்க் கதை’ என்ற வகையையே தொடங்கி வைத்தது 1871இல் வெளியான ‘டார்க்கிங் போர்’ என்பர். எழுதியவர் ஜார்ஜ் செஸ்னி. இந்தியாவில் பணியாற்றிய பொறியியல் படை அதிகாரி. அவர் காட்டிய எதிரி ஜெர்மானியர்; அண்டை வீட்டுக்காரர். விரைவில் எதிரியின் நிறம் மாறியது. 1898இல் எம்.பி. ஷீல் ‘மஞ்சள் அபாயம்’ என்ற கருத்தில் ஒரு நாவல் எழுதினார். 1913இல் சாக்ஸ் ரோமர், ஃபூ மான்சூ என்ற சீனக் கொடியவனைப் படைத்தார். டோங் லீயின் மூத்த பாட்டன் அவன்தான்.

இவ்வரிசையில் நம்மை உறையச் செய்தது ஜாக் லண்டன் 1910இல் வெளியிட்ட ‘இணையற்ற படையெடுப்பு’ என்னும் சிறுகதை. கதை நிகழும் காலம் 1976. சீனர் பீரங்கியோ படையோ கொண்டு வரவில்லை, பெருகுகிறார்கள், அவ்வளவுதான். அதற்கு மேலை நாடுகள் காணும் தீர்வு, வானூர்திகளிலிருந்து கொள்ளைநோய்க் கிருமிகள் அடைத்த கண்ணாடிக் குழாய்களைச் சீன நகரங்களின்மீது பொழிவது. தப்பியோடுவோரை எல்லையில் நிற்கும் படைகள் சுட்டு வீழ்த்துகின்றன. ஓர் இனம் முற்றாகத் துடைக்கப்பட்ட பின், காலியான நிலத்தில் பிறர் குடியேறுவதோடு கதை நிறைவாக முடிகிறது. லண்டன் இதை எள்ளலாகவே எழுதினார் என்று வாதிடுவோரும் உண்டு. எள்ளலைத் தேடித் தேடிப் படித்தும் நமக்கு அகப்படவில்லை. 1941இல் ராபர்ட் ஹைன்லைன் தொடராக எழுதிய ‘ஆறாம் படை’யில் அமெரிக்காவைக் கைப்பற்றிய ஆசியரைக் கொல்ல ஒரு கதிர் வருகிறது, அது இனம் பார்த்துக் கொல்லும், வெள்ளையரைத் தீண்டாது.

உண்மையில் கிருமிப் போருக்கு இலக்கானவர்கள் யார்? 1940 அக்டோபரில் சீனாவின் நிங்போ நகரின்மீது பிளேக் தாங்கிய தெள்ளுப்பூச்சிகளை ஜப்பானிய விமானங்கள் தூவின. ஹார்பின் அருகே இயங்கிய 731ஆம் பிரிவு அதற்குப் பின்னணியில் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசின் இரகசிய ஆய்வுத் திட்டத்தில் கறுப்பின மக்களின் கருவளத்தைக் குறிவைக்கும் முயற்சி பேசப்பட்டதை 1998இல் உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் முன் அறிவியலாளர்களே ஒப்புக்கொண்டனர். ஆக, இக்கற்பனை வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. அறிவியலோ அதற்கு எதிரான சான்றையே தருகிறது. ரிச்சர்ட் லெவொன்டின் 1972இல் வெளியிட்ட ஆய்வில், மனிதரிடையே காணும் மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்திற்குள்ளேயே அமைந்துள்ளது. இனங்கள் என்று நாம் பிரிப்பவற்றுக்கிடையே இருப்பது மிகச் சிறு பங்கு. இனம் பார்த்துக் கொல்லும் கதிர் தன்னை ஏவியவரின் வீட்டிலும் பாதியைக் கொன்றிருக்கும்.

ஹெச்.ஜி. வெல்ஸ் இவர்களிலிருந்து சற்று விலகி நிற்கிறார். 1898இல் வெளியான ‘உலகங்களின் போர்’ நாவலில் செவ்வாய்க் கோளத்தார் இலண்டனை அழிக்கின்றனர். ஆயினும் தொடக்கத்திலேயே, ஐரோப்பியர் தாஸ்மானியப் பழங்குடியினருக்குச் செய்ததை அவர் நினைவூட்டி, நம்மவர் செய்ததைத்தானே அவர்களும் செய்கிறார்கள் என்று கேட்க வைக்கிறார். பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்த நாளில், விடுதி நண்பரின் மேசையில் கிடந்த அந்நூலைப் பொழுதுபோகாமல் எடுத்துப் படித்தோம். அந்தப் பத்தி மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

இவ்வளவும் பிறரைப் பற்றி. நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

2020இன் தொடக்கத்தில் கொரோனா பரவியபோது, ‘7ஆம் அறிவு’ அதை முன்பே சொல்லிவிட்டது என்று பலரும் பகிர்ந்துகொண்டனர். அதே நாட்களில் வடகிழக்கு மாநிலத்தவரை ‘கொரோனா’ என்று தெருவில் அழைத்துத் துன்புறுத்துவது பெருகவே, ஒன்றிய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுரை அனுப்ப நேர்ந்தது. அடுத்த சில நாட்களில், கிருமிக்கு வேறொரு முகம் வரையப்பட்டது. தில்லி நிஜாமுத்தீனில் தங்கியிருந்த தப்லீக் அன்பர்களின் தாடியும் தொப்பியும் அம்முகமாயின. நோயைப் போராயுதமாக்கி நாட்டின்மீது ஏவியவர்கள் என்று நம்மைப் பற்றியே கதை கட்டினர். 2020 ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீக் அன்பர்கள்மீதான வழக்குகளை ரத்துசெய்து, அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. அந்த நாட்களில் காய்கறி வண்டிக்காரர் முதல் மருத்துவர் வரை நம் சமூகத்தார் பட்ட அவமானத்தை வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. பிறர் கற்பனை செய்த போரில் எதிரியின் உடை நமக்கு அணிவிக்கப்பட்டால் எப்படியிருக்கும் என்பதை நாம் அறிவோம். அறிந்தும், ஒரகடத்து மிம்பரில் அதையே இன்னொருவருக்கு அணிவித்தோம்.

யஃஜூஜ், மஃஜூஜ் பற்றிக் குர்ஆன் ‘கஹ்ஃப்’ அத்தியாயத்திலும் ‘அன்பியா’ அத்தியாயத்திலும் கூறுகிறது. பூமியில் குழப்பம் விளைவிப்போர் என்ற செயலைச் சுட்டுகிறதே தவிர, முகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முக வர்ணனை ஹதீஸ்களில் வருகிறது. புகாரியில் அது துருக்கியரோடு நிகழும் போர் குறித்த அறிவிப்புகளிலும், மற்றோர் அறிவிப்பில் ஈரானின் கூஸ், கிர்மான் பகுதியினரைக் குறித்தும் இடம்பெறுகிறது. யஃஜூஜ் கூட்டத்தாருக்கே அவ்வர்ணனையைச் சேர்க்கும் அறிவிப்பு முஸ்னது அஹ்மதில் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் ஓர் அடையாளத்தைப் படிப்பதும், அதை எடுத்துக்கொண்டு போய் உயிரோடிருக்கும் ஒரு நாட்டாரின் நெற்றியில் ஒட்டுவதும் வெவ்வேறு காரியங்கள். ஒட்டும் வேலையை வஹீ செய்யவில்லை. நாம்தான் காலந்தோறும் செய்து வந்தோம்.

அப்பாஸிய கலீஃபா அல்வாஸிக் (842–847) துல்கர்னைனின் சுவர் திறந்துகொண்டதாகக் கனவு கண்டு, அதைப் பார்த்துவர ஸல்லாம் என்ற மொழிபெயர்ப்பாளரை வடக்கே அனுப்பினார். அப்பயணத்தை ஸல்லாமிடமே கேட்டு எழுதியவர் புவியியலறிஞர் இப்னு குர்தாத்பிஹ். அதே நூற்றாண்டில், துருக்கியரை அச்சத்தோடு பார்த்த பக்தாதில் அமர்ந்து, துருக்கியரின் சிறப்புகளைப் பற்றித் தனி நூலே எழுதினார் அல்ஜாஹிழ். ஹிஜ்ரி 617இல் மங்கோலியர் பாய்ந்தபோது, வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் அதை எழுதவே பேனா தயங்கியதாகவும், யஃஜூஜ் மஃஜூஜைத் தவிர இதற்கிணையான கேட்டை உலகம் முடியும்வரை காணாது போலும் என்றும் குறித்தார். அவர் அஞ்சியதில் பிழையில்லை. 1258இல் ஹுலாகு பக்தாதை என்ன செய்தான் என்பதை அனைவரும் அறிவர்.

ஆனால் அக்கதை அங்கே முடியவில்லை. ஹுலாகுவின் ஒன்றுவிட்ட சகோதரன் பெர்கே முன்னரே இஸ்லாத்தைத் தழுவியிருந்தான். பக்தாதின் அழிவுக்காக ஹுலாகுவோடு போரும் தொடுத்தான். ஹுலாகுவின் கொள்ளுப்பேரன் காஸான் 1295இல் கலிமா சொன்னான். பக்தாத் எரிந்த 37 ஆண்டுகளில் இது நிகழ்ந்தது. துருக்கியரோ பின்னர் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் இரு ஹரம்களின் பணியாளராகவே விளங்கினர். எந்த முகத்தை நம் முன்னோர் உலக முடிவின் முகம் என்று வரைந்தனரோ, அம்முகம் இமாமத் செய்யப் பின்னால் நின்று தொழுதவர்களின் பேரர்கள் நாம். இன்றும் சில துண்டுப் பிரசுரங்கள் அச்சொற்களை ரஷ்யாவின்மீதும் சீனாவின்மீதும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நம் மொழியின் கலைச்சொற்களையும் பிறர் இவ்வாறே எடுத்தாள்கின்றனர்: ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் எழுதிய ‘டியூன்’ நாவலில் மஹ்தி, ஜிஹாத், லிஸானுல் கைப் எல்லாம் வேற்றுக் கோளின் பாலைவன மக்கள் நாவில் புழங்குகின்றன. 2021இல் வந்த திரைப்படம் ஜிஹாத் என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிட்டது. அதனால் நமக்கு ஊதியமா இழப்பா என்று அரபு ஆசிரியராகிய நம்மால் சொல்ல முடியவில்லை.

எதிரிக்கு முகம் வரையாமல் எதிர்காலப் போரை எழுத முடியுமா? முடியும், எழுதியவர் ஒரு முஸ்லிம் பெண்மணி. வெளியானது நம் சென்னையில். ரங்பூர் வட்டாரத்தில் பிறந்த ரொக்கையா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’, கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் 1905இல் இடம்பெற்றது. பெண்கள் ஆளும் நாடு, ஆண்கள் அந்தப்புரத்தில். இந்தத் தலைகீழ் நகைச்சுவையையே பலரும் பேசுவர். அங்கு நிகழும் போரின் காரணத்தைக் கவனிப்போர் குறைவு. அண்டை நாட்டிலிருந்து அரசியல் குற்றஞ்சாட்டப்பட்ட சிலர் வந்து அடைக்கலம் கேட்கின்றனர். அவர்களை ஒப்படைக்குமாறு அந்நாட்டு மன்னன் கேட்க, அடைக்கலம் புகுந்தோரைத் துரத்துவது தன் நெறிக்கு ஒவ்வாது என்று அரசி மறுக்கிறாள். அதற்காகவே போர் மூள்கிறது. பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவியரோடு சென்று, சேமித்து வைத்த சூரிய வெப்பத்தைக் குவித்துப் பகைவர்மீது பாய்ச்சுகிறாள். அவர்கள் சூடு தாங்காமல் ஓடுகின்றனர், போர்க்கருவிகள் எரிகின்றன. பகைவரின் நிறம் என்ன, மூக்கு எப்படி என்று ரொக்கையா எங்கும் எழுதவில்லை. அந்நியரால் வந்த போர் அன்று அது. அந்நியரைக் கைவிடாததால் வந்த போர்.

ஒரகடத்தின் நடப்புக்கு இது தொலைவானதன்று. 2012 ஆகஸ்டில் வதந்தியைக் கேட்டு வடகிழக்கு மாநிலத்தவர் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ரயில் ரயிலாக ஊர் திரும்பினர். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, விசாரிக்கப் பீகாரிலிருந்து குழுவே வந்தது. 2025 ஜூலையில், தென்னிந்தியக் கைபேசி ஆலைகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்கள் திருப்பி அழைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அவர்களிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள்.

அந்த மணிப்பூர் இளைஞரை இரண்டு வாரம் கழித்து மீண்டும் சந்தித்தோம். அவ்வாரப் பயானில் பெர்கேயையும் காஸானையும் பற்றிச் சொல்லி, முன்பு சொன்னதைத் திருத்தினோம். தொழுகைக்குப் பின் அவர் நம்மருகே அமர்ந்தார். எப்போது இஸ்லாத்திற்கு வந்தீர்கள் என்று இங்கு எல்லோரும் தம்மைக் கேட்பதாகச் சொன்னார்; நம் ஜமாஅத்தார் கேட்டதும் அதையே. அவர் பாங்கல் என்னும் சமூகத்தவர். 1606இல் சில்ஹட் பக்கத்திலிருந்து மணிப்பூர்மீது படையெடுத்துத் தோற்றுச் சிறைப்பட்ட முஸ்லிம் வீரர்களைக் காகெம்பா மன்னர் கொல்லாமல் குடியமர்த்தி, மைதேயிப் பெண்களை மணமுடித்துக் கொடுத்தார் என்பது அவர்களது வரலாறு. 2023 மே முதல் தம் மாநிலத்தில் மூண்ட கலவரத்தில் வேலை போனதால்தான் தாம் இவ்வளவு தூரம் வந்ததாகவும் கூறினார். பிறகு, தம் தாய்வழிப் பாட்டனாரின் பாட்டனார் மைதேயி என்றும், தம் மூக்கு அவருடையது என்றே ஊரில் சொல்வார்கள் என்றும் சொல்லிவிட்டு, இரவுப் பணிக்கு நேரமாகிறது என்று எழுந்து, காலணியைத் தேடிப் போனார்.